கரையில் பொரிப்பு, கடலில் இறப்பு: பங்குனி ஆமைகளின் கணக்கு ஏன் நேராவதில்லை?

தை முதல் சித்திரை வரை கடலூர், புதுச்சேரி நாளிதழ்ப் பக்கங்களில் கடலாமைகளைப் பற்றி இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. ஒன்றில், ஊதிப்போன ஆமை ஒன்று அலையோரம் செத்துக் கிடக்கும். மற்றொன்றில், பள்ளி மாணவர்கள் சூழ நிற்க, வனத்துறையினர் கூடையிலிருந்து ஆமைக்குஞ்சுகளை மணலில் இறக்கிவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு இயல்பாகவே ஐயம் எழுகிறது. ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விடும்போது ஐம்பது, நூறு ஆமைகள் செத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒருவர் கேட்கிறார். இத்தனை ஆமைகள் சாகும்போது குஞ்சு விட்டு என்ன பயன் என்று மற்றொருவர் கேட்கிறார். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தபோது இதே கேள்விகள் தமிழகம் முழுவதும் எழுந்தன. இவ்விரண்டுக்கும் விடை காண, ஆமையின் வாழ்நாள் கணக்கை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

எந்த ஆமை, ஏன் இந்தக் கரை

இந்தியக் கடற்பகுதியில் ஐந்து வகைக் கடலாமைகள் உள்ளன. அவற்றுள் சோழமண்டலக் கரையில் தவறாமல் முட்டையிட வருவது ஆலிவ் ரிட்லி எனப்படும் சிறிய ஆமை. பங்குனி மாதத்தை ஒட்டிக் கரையேறுவதால் இதற்குப் பங்குனி ஆமை என்றே பெயர். சிறியது என்றாலும் ஓடு மட்டும் இரண்டடிக்கு மேல் நீளும். எடை நாற்பது கிலோ அளவுக்கு இருக்கும்.

ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் இதே ஆமைகள் சில இரவுகளுக்குள் இலட்சக்கணக்கில் ஒன்றாகக் கரையேறும். நம் கரையில் அப்படி நிகழ்வதில்லை. இங்கே ஓரிரவில் ஒன்றோ இரண்டோ, ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வந்து முட்டையிட்டுவிட்டுத் திரும்புகின்றன. இந்தச் சிதறல்தான் பாதுகாப்புப் பணியைக் கடினமாக்குகிறது. ஒடிசாவில் காக்க வேண்டிய இடம் எதுவென்று எல்லோருக்கும் தெரியும். இங்கோ தேவனாம்பட்டினத்திலிருந்து சாமியார்பேட்டை வரையும், மறுபக்கம் தாழங்குடாவிலிருந்து நரம்பை, வீராம்பட்டினம் கடந்தும், மணல் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு கரையும் முட்டைக்கரையாக இருக்கக்கூடும்.

தான் பொரிந்த கரையின் புவிக்காந்தப் புலத்தை நினைவில் பதித்துக்கொண்டு, வளர்ந்தபின் அதே கரைப்பகுதிக்குப் பெண் ஆமை திரும்புகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆனால், அதே கரைப்பகுதி என்பதை அதே தெரு என்று பொருள்கொள்ளக் கூடாது. தனித்து முட்டையிடும் பங்குனி ஆமை ஒரு பருவத்தில் இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை, சில வார இடைவெளியில் கரையேறும். முதல் முறை கடலூர் மாவட்டத்திலும் மறுமுறை புதுச்சேரி எல்லைக்குள்ளும் முட்டையிடத் தடையேதும் இல்லை.

முட்டைக்குழிக்குள் நடப்பவை

இரவில் உயர் அலைக்கோட்டைக் கடந்து மேலேறும் ஆமை, பின்துடுப்புகளால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி தோண்டி, நூறு முதல் நூற்றிருபது முட்டைகளை இட்டு, மணலை மூடி, உடலால் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அதன்பின் அது திரும்பிப் பார்ப்பதில்லை. அடைகாக்கும் வேலை முழுவதும் மணலுடையது. நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில் குஞ்சு பொரியும். அந்நாட்களில் குழிக்குள் நடப்பவற்றில் மூன்று செய்திகளை மனத்தில் வைத்தால்தான் பிற்பாடு வரும் விவாதங்கள் விளங்கும்.

1. குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிப்பது மணலின் வெப்பம். அடைக்காலத்தின் நடுப்பகுதியில் குழியின் வெப்பநிலை ஏறத்தாழ 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் என்ற எல்லையைத் தாண்டினால் பெண் குஞ்சுகள் மிகும். குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். வெப்பம் மேலும் ஏறினால் கருவே அழியும். ஆகவே தை மாதக் குழியும் பங்குனிக் கடைசிக் குழியும் ஒரே கரையில் இருந்தாலும் ஒரே வகைக் குஞ்சுகளைத் தருவதில்லை.

2. முட்டை இட்ட சில மணி நேரத்துக்குள் கரு, ஓட்டின் உட்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு சிதையும். கோழி முட்டையைத் திருப்பித் திருப்பி அடைவைக்கும் பழக்கமுள்ள நமக்கு இது விந்தையாகத் தோன்றும். காலையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர் முட்டைகளைத் துணிப்பையில் அள்ளிக்கொண்டு போய் நல்லெண்ணத்துடன் ஒப்படைத்தாலும், அவற்றுள் பல பொரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

3. பொரிந்த குஞ்சுகள் தனித்தனியாக மேலே வருவதில்லை. குழிக்குள் ஒன்றையொன்று உந்தி, சில நாட்கள் மணலைச் சரித்துச் சரித்து மேலேறி, மேல்மணல் குளிர்ந்ததை உணர்ந்ததும் இரவில் கூட்டமாக வெளிவரும். வெளிவந்ததும் ஒளி மிகுந்த அடிவானத்தை நோக்கி ஓடும். விளக்கில்லாக் கரையில் அது கடலாகத்தான் இருக்கும்.

பொரிப்பகம் என்னும் ஏற்பாடு

பருவகால இரவுகளில் கரை நெடுக நடந்து, புதிய குழிகளைக் கண்டறிந்து, முட்டைகளைப் புரட்டாமல் எடுத்து, வேலியிட்ட மணற்பரப்பில் அதே ஆழத்தில் மீண்டும் புதைத்துக் காப்பதே பொரிப்பகம். சென்னையில் 1970களில் தொடங்கிய ஆமை நடையும், 1988-இல் மாணவர்கள் உருவாக்கிய கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பும் இந்த முறையைத் தமிழகக் கரைக்குப் பழக்கப்படுத்தின. இன்று வனத்துறையே கடலூர் உட்படப் பல மாவட்டங்களில் பொரிப்பகங்களை நடத்துகிறது. முட்டையைத் தோண்டியெடுத்து விற்ற அனுபவமுள்ள மீனவர்கள் பலர் இன்று குழியைக் கண்டறிவதில் வல்ல காவலர்களாக உள்ளனர். ஆமைத் தடத்தின் நுனியைப் பார்த்து, முட்டை எந்தப் பக்கம் இருக்கும், வெறுங்குழி எது என்று சொல்லும் திறனை எந்தப் பயிற்சி வகுப்பும் ஒரு வாரத்தில் தந்துவிடாது.

கடலாமை அறிஞர்கள் பொரிப்பகத்தைக் கடைசி வழியாகவே கருதுகிறார்கள்; முட்டை இட்ட இடத்திலேயே இருப்பதுதான் முதல் தேர்வு. இடம் மாற்றினால் வெப்பமும் ஈரமும் மாறும், பாலின விகிதம் மாறும், ஒரே மணலை ஆண்டுதோறும் பயன்படுத்தினால் பூஞ்சையும் நுண்ணுயிரும் பெருகும். ஆயினும் தெருநாய்கள் கூட்டமாக அலையும் கரையிலும், வார இறுதியில் நூற்றுக்கணக்கானோர் நடமாடும் கரையிலும் குழியை அப்படியே விடுவது நடைமுறையில் இயலாது. ஆகவே இக்கரைகளில் பொரிப்பகம் தேவைதான். அதை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் குறை காண வேண்டியுள்ளது.

குறிப்பாக, குஞ்சு விடும் நிகழ்ச்சிகள். வெளிவந்த குஞ்சின் உடலில் எஞ்சிய கருவுணவு ஏறத்தாழ ஒரு நாள் இடைவிடாது நீந்துவதற்கான எரிபொருள். கரையோர எதிரிகளைத் தாண்டி ஆழ்கடலை அடைய இயற்கை தந்த முன்பணம் அது. இரவில் வெளிவந்த குஞ்சுகளைத் தொட்டியில் அடைத்து, காலையில் விருந்தினர் வரும்வரை காத்திருக்கச் செய்தால், அந்த முன்பணம் தொட்டியின் சுவரை முட்டியே செலவாகிவிடும். வெயில் ஏறியபின் விட்டால் காகமும் பருந்தும் மேலே, மீன் கீழே. கையால் எடுத்துத் தண்ணீரில் போடுவதும் சரியன்று. சில மீட்டர் தூரமாவது மணலில் தானே நடந்து போக வேண்டும். ஒளிப்படத்துக்கு ஏற்ற நேரமும் குஞ்சுக்கு ஏற்ற நேரமும் ஒன்றாக அமைவது அரிது. பொரிப்பகத்தின் பயனைக் குலைக்காமல் மக்களுக்குக் காட்ட வேண்டுமானால் இருள் பிரியும் முன் அழைத்துச் சென்று காட்டலாம். அந்நேரத்துக்கு வர மனமுள்ளவர்களே காணத் தகுந்தவர்கள் என்பது என் கருத்து.

ஆயிரத்தில் ஒன்று என்பதன் பொருள்

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து முட்டையிடும் வயதை அடையும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது துல்லியமான அளவீடு அன்று. ஏறத்தாழ எவ்வளவு என்பதைக் காட்டும் தோராயக் கணக்கு. முதிர்ச்சியடைய ஆமைக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தேவை. இவ்விரு செய்திகளையும் வைத்து ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மாவட்டப் பொரிப்பகங்கள் ஒரு பருவத்தில் 20,000 குஞ்சுகளைக் கடலில் விடுவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 20 ஆமைகள். பாதி பெண் என்றால் 10. அந்தப் பத்தும் முட்டையிடக் கரையேறுவதற்குள் இன்றைய ஐந்தாம் வகுப்பு மாணவன் கல்லூரியை முடித்திருப்பான். அதே பருவத்தில் அதே கரையோரக் கடலில் முட்டையிட வந்த 50 பெண் ஆமைகள் வலையில் சிக்கிச் செத்தால், ஐந்து பருவப் பொரிப்பக உழைப்பின் எதிர்கால விளைவு சில வாரங்களில் கழிந்துவிடுகிறது. செத்த ஒவ்வொன்றும், எல்லா இடர்களையும் தாண்டி வந்த ஆயிரத்தில் ஒன்று. இன்னும் பல ஆண்டுகள் முட்டையிடக்கூடியது.

இந்த அடிப்படை புதிதன்று. அமெரிக்காவில் பெருந்தலை ஆமைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஆய்வொன்று, எல்லா முட்டைகளையும் காப்பாற்றினாலும்கூட கடலில் வாழும் பெரிய ஆமைகளின் இறப்பைக் குறைக்காவிட்டால் ஆமைகளின் எண்ணிக்கை மீளாது என்று கணித்துக் காட்டியது. இறால் வலைகளில், சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் ஆமை விலக்கிக் கருவியைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்கு அங்கே வலுச்சேர்த்த வாதங்களில் இதுவும் ஒன்று.

கரையில் விடப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு பருவத்திலும் பெருமையுடன் அறிவிக்கப்படுகிறது. இறந்து ஒதுங்கிய ஆமைகளின் எண்ணிக்கை அதே பத்தியில் இடம்பெறுவதில்லை. வரவை மட்டும் எழுதும் கணக்குப் புத்தகம் எந்தக் கடைக்காரரையும் காப்பாற்றியதில்லை.

கடலில் எப்படிச் சாகின்றன

கடலாமை நுரையீரலால் சுவாசிக்கும் உயிரி. ஓய்வாக இருக்கையில் நெடுநேரம் நீருக்கடியில் இருக்கக்கூடிய அது, வலையில் சிக்கித் திமிறத் தொடங்கினால் உடலில் உள்ள உயிர்வளி விரைவில் தீர்ந்து மூழ்கிச் சாகிறது. விசைப்படகுகள் தரையோடு இழுக்கும் இழுவைமடி ஒருமுறை இறங்கினால் இரண்டு மூன்று மணி நேரம் மேலே வருவதில்லை. கரை ஒதுங்கும் ஆமைகளில் வெளிக்காயம் இல்லாமல் கண்ணும் கழுத்தும் வீங்கியிருப்பது இவ்வகை மூச்சுத்திணறலின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

கடலூரில் வலை என்றதும், மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடியைப் பற்றிய சச்சரவே நினைவுக்கு வரும். அதனால் ஆமை இறப்பையும் சுருக்குமடியோடு முடிச்சுப் போடுபவர்கள் உள்ளனர். அது வேறு வழக்கு. மீன்வளப் பகிர்வைப் பற்றிய அந்தச் சிக்கலை ஆமைப் பிரச்சினையோடு கலந்தால் இரண்டுமே குழம்பும். ஆமையைப் பொறுத்தவரை முதற்கேள்வி கரையோர இழுவைமடி. அடுத்தது பெரிய கண்ணுள்ள திருக்கை வலை போன்ற, நீரில் நின்றபடி மீனைக் கண்ணிகளில் சிக்கவைக்கும் செவுள் வலைகள்.

விதிகள் இல்லாமல் இல்லை. பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. ஆமையை மட்டுமன்றி முட்டையை எடுப்பதும் குற்றம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983, அதன்கீழ் வந்த விதிகள் ஆகியவற்றின்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவுக்குள், இழுவைமடி இடக் கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் கூடி நிற்பதும் பெரும்பாலும் இந்தக் கரையோர நீரில்தான். எனவே இந்த ஒரு விதி முழுமையாக நடந்தாலே இறப்பில் பெரும்பகுதி குறையும்.

ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடைக்காலம் ஆமைகளையும் காக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. கிழக்குக் கரையில் அத்தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி வகுத்த காலம் அது. ஆமைகள் கரையோரம் திரள்வதோ மார்கழி முதல் பங்குனி வரை. சித்திரை பிறந்த மறுநாள் தொடங்கும் தடை, பங்குனி ஆமைக்குப் பங்குனி முடிந்தபிறகே கதவைத் திறக்கிறது. கடைசிக் குழிகளின் குஞ்சுகளுக்கு அது உதவும். தாய் ஆமைகளுக்குப் பெரிதாக உதவாது.

ஆமை விலக்கிக் கருவி என்பது மடியின் கழுத்துப் பகுதியில் சாய்வாகப் பொருத்தப்படும் கம்பிச் சட்டம். கம்பிகளுக்கிடையே ஒரு சாண்கூட இல்லாத இடைவெளி. இறாலும் சிறு மீனும் அதன் வழியே பின்மடிக்குப் போய்விடும், ஆமை சட்டத்தில் மோதி மேலோ கீழோ உள்ள திறப்பு வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய மடிகளுக்கு ஏற்றவாறு இதை வடிவமைத்துள்ளது. திறப்பு வழியே பெரிய மீனும் போய்விடுகிறது என்பது படகு உரிமையாளர்களின் மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கருவி இல்லாததற்கும் விலை உண்டு. ஆமை விலக்கி இன்றிப் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்க மறுத்ததை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில், 1998-இல் அமெரிக்கா அச்சட்டத்தை நாடுகளிடையே பாகுபாட்டுடன் நடத்தியது என்றுதான் தீர்ப்பானது. ஆமையைக் காக்கும் நோக்கம் தவறு என்று அல்ல. இன்று இந்தியக் கடலில் பிடிக்கும் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடியே கிடப்பதும் ஆமை விலக்கி இல்லாத காரணத்தால்தான்.

ஃபைபர் படகில் செவுள் வலை இடும் மீனவரின் நிலை வேறு. உயிரோடு சிக்கிய ஆமையை விடுவிக்க வேண்டுமானால் அவர் தம் வலையை அறுக்க வேண்டும். நட்டம் முழுவதும் அவருடையது. இதைப் புரிந்துகொண்ட மகாராஷ்டிர அரசு, பாதுகாக்கப்பட்ட கடலுயிரிகளை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் திட்டத்தை 2018-இல் கொண்டுவந்தது. நம் பாக் நீரிணைப் பகுதியில் கடற்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்துவருகிறது. ஆமைக்கும் இத்தகைய ஏற்பாட்டைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் வழக்கமாக்கினால், மிரட்டலால் கிடைக்காத ஒத்துழைப்பு கிடைக்கும்.

கரையே குறைந்துவருகிறது

இவ்வளவும் ஆமை ஏறுவதற்கு மணல் இருக்கிறது என்ற எண்ணத்தில் பேசியவை. புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இக்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலை நகர்த்துகின்றன. சுவர் அந்த ஓட்டத்தை மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை அரித்துப் பாறைக்கற்களாயிற்று. அரிப்பு பின்னர் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என வடக்கு நோக்கி நகர்ந்தது. ஒவ்வோர் ஊரும் தன்னைக் காக்கத் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கற்சுவர், கேட்கிறது. ஒவ்வொரு வளைவும் அடுத்த ஊரின் மணலைப் பிடித்துக்கொள்கிறது. கற்குவியலில் ஆமை ஏற முடியாது.

மணல் எஞ்சிய கரைகளில் விளக்கொளி அடுத்த தடை. சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை 2021-இல், தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்று பெற்றது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாலைக் கூட்டத்துக்குக் குறைவில்லை. உயர்கோபுர விளக்குகள் தாய் ஆமையைத் திருப்பி அனுப்புகின்றன, குஞ்சுகளைச் சாலைக்கு இழுக்கின்றன. பருவ மாதங்களில் இரவு பத்து மணிக்குமேல் கடலை நோக்கிய விளக்குகளை அணைப்பதும், மறைப்புத் தகடு பொருத்துவதும் பெரிய செலவில்லாதவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அலைக்கோடு வரை நெருக்கி நட்ட சவுக்குத் தோப்புகளும் திறந்த மணற்பரப்பைக் குறைத்தன என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காவலுக்கு நட்டதே இடைஞ்சலானது.

ஆமை முட்டையிடும் கரைகளைக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மிகவும் பாதுகாக்க வேண்டிய முதல் வகைப் பகுதியில் சேர்க்கிறது. ஆனால் அந்த வகைப்பாடு வரைபடத்தில் குறிக்கப்பட்ட கரைக்கே பயன்படும். சிதறி முட்டையிடும் இடங்களை ஆண்டுதோறும் பதிவு செய்தால்தான் அவை வரைபடத்தில் ஏறும். இதில் எல்லைச் சிக்கலும் உண்டு. காலாப்பட்டு புதுச்சேரி, அடுத்த பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டம், பிறகு மீண்டும் புதுச்சேரி, தென்பெண்ணை முகத்துவாரம் தாண்டியதும் கடலூர். ஒரே ஆமையின் இரண்டு குழிகள் இரண்டு அரசுகளின் பதிவேடுகளில் போய் முடிகின்றன. இரு வனத்துறைகளும் ஒரே படிவத்தில் ஒரே பட்டியலைப் பேணுவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

கரையில் நடப்பவர் எதிர்கொள்ளும் நிலைகள்

1. இரவில் ஆமை கரையேறுவதைக் கண்டால் விளக்கையும் கைபேசி ஒளியையும் அணைத்து, அசையாமல் பின்னால் நிற்க வேண்டும். முட்டையிடத் தொடங்குமுன் தொந்தரவு செய்தால் அது இடாமலேயே திரும்பிவிடும்.

2. காலையில் தடத்தைக் கண்டால் தோண்டிப் பார்க்காமல், தடத்தை மிதித்து அழிக்காமல், நாய் அண்டாதவாறு ஒருவரை நிறுத்திவிட்டு வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. விளக்கை நோக்கிப் போகும் குஞ்சுகளைக் கண்டால், விளக்கை அணைக்கச் சொல்வது முதல் வேலை. சாலையை எட்டிவிட்டவற்றை ஈரமணல் பரப்பிய வாளியில் எடுத்து, இருளான கரையில், அலைக்குச் சில மீட்டர் முன்பாக மணலில் விட வேண்டும். வாளியில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

4. இறந்த ஆமையைக் கண்டால் இடம், நாள், ஓட்டின் நீளம், காயமோ வலைத்துண்டோ உண்டா என்பவற்றைக் குறித்து, ஒளிப்படத்துடன் வனத்துறைக்குத் தர வேண்டும். செத்த ஆமை முதலில் அமிழ்ந்து, அழுகி வாயு சேர்ந்தபிறகே மிதந்து காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் ஒதுங்குகிறது. பல ஒதுங்குவதே இல்லை. ஆகவே ஒதுங்கிய இடத்து மீனவர்களைக் குற்றம் சாட்டுவது தவறு, ஒதுங்கிய எண்ணிக்கையை முழுக்கணக்கு என்று கொள்வதும் தவறு. பதிவு முடிந்த உடலின் ஓட்டில் வண்ணத்தால் அடையாளமிட்டால், அலை அதை மறுநாள் அடுத்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் இரண்டாவது ஆமையாக எண்ணப்படாது.